பவர் கார்டும் கனகாம்பரமும்

மே 5, திங்கள்

கத்திரி நேற்று ஆரம்பம். காலையிலேயே முற்றத்துச் சிமெண்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. சோறு மட்டும் வடித்தேன். குழம்பு நேற்றையது. பால்காரன் வரவில்லை.

ஆம்ப்ளிஃபயரில் முனகல் இன்றும். ரெக்கார்டு சுழல்வதற்கு முன்பே, ஊசி இறங்குவதற்கு முன்பே, இரண்டு ஸ்பீக்கரிலும் ‘உம்ம்’ என்று. ஒலியைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது. பெட்டியின் மேல் கை வைத்தால் சுருதி மாறுகிறது. விரல் நுனியில் ஒரு கூச்சம்.

இந்தப் பெட்டி நான் கட்டியது. டிரான்ஸ்ஃபார்மர்கூட நான் சுற்றியது. இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்தது. மாசியில் முனக ஆரம்பித்தது, நிற்கவில்லை.

இதுவரை மாற்றியவை:
பெரிய கெப்பாசிட்டர் நான்கும். பயனில்லை.
ரெக்கார்டு பிளேயரிலிருந்து வரும் ஒயர். பயனில்லை.
வால்யூம் திருகு. பயனில்லை. ஆனால் பழையது கரகரத்தது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.
பெட்டியை அலமாரியிலிருந்து மேசைக்கு. இடம்தான் மாறியது.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்தைச் சோதிக்கவில்லை. தேவையில்லை. இந்த வீட்டு எர்த் நான் போட்டது. முற்றத்து மூலையில் ஆள் ஆழத்துக்குக் குழி, செம்புத் தகடு, அடுக்கு அடுக்காகக் கரியும் உப்பும். கம்பெனியில் ஐ.டி.ஐ. காகிதம் இல்லை என்று கடைசிவரை என்னை ஹெல்ப்பராகவே வைத்திருந்தார்கள். காகிதம் வைத்திருந்தவன் பூட்டிய பேனல் இரண்டு முறை புகைந்தது. இரண்டு முறையும் என்னைத்தான் எழுப்பினார்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் ஆறவில்லை.

மிச்சம் இருப்பது பவர் கார்டு. இப்போது இருப்பது கம்ப்யூட்டரோடு வருகிற சாதாரண கறுப்புக் கார்டு. போனில் ஒருவர் சொல்வதைப் பார்த்தேன். தடித்த, சுற்றிலும் கவசம் போட்ட கார்டு மாற்றினால் பின்னணி இரைச்சல் அடங்கி, பாட்டு தனியாக எழுந்து நிற்குமாம். ஆர்டர் போட்டுவிட்டேன். விலையை இங்கே எழுத மாட்டேன்.

மேல் போர்ஷன் இசக்கி படியிலிருந்தே குரல் கொடுத்தாள். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரகடத்தில் வேலை, மாறி மாறி ஷிப்ட். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கைக்குழந்தை ஒன்று.

“ஐயா, வாஷிங் மிஷின்ல கை வச்சா சுர்ருன்னு ஏறுது. ஒரு எட்டு வந்து பாருங்களேன்.”

“ஈரக் கையோட தொட்டா அப்டித்தாம்மா.”

“எதக் கேட்டாலும் ஈரக் கைங்கிய.” போய்விட்டாள்.

வீட்டுக்காரி கஸ்தூரி தை கடைசியில் போனவள். மணிமங்கலத்தில் மகள் வீடு. பேத்தியைப் பார்த்துக்கொள்ள என்று பேர். மகள் இருவரையும்தான் கூப்பிட்டாள். இந்த செட்டைப் பிரித்துக்கொண்டு போய் அங்கே ஒன்றரை ரூமில் எங்கே வைப்பது என்று கேட்டேன். நியாயமான கேள்வி. “அப்ப அந்தப் பெட்டியோடவே இருங்க” என்றாள். வாசலில் ஆட்டோ நின்றபோது இன்னொன்றும் சொன்னாள். “வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வரேன். சொல்லாம வர மாட்டேன்.”

நான் சொல்லவில்லை. போ என்று நான் சொன்னதில்லையே. போனவளுக்கு வழி தெரியும்.

மே 7, புதன்

பகல் முழுக்கப் புழுக்கம். சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வானம் கறுத்தது. கார்டு கொண்டுவந்த பையன் கேட்டில் நிற்கும்போதே பெரிய பெரிய சொட்டு. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினான். அப்புறம் இடி, காற்று, நல்ல மழை. கரண்டு போய்விட்டது.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாரைப்பாம்பு கனம். மேலே நைலான் பின்னல். பிளக்கைத் தூக்கினாலே நம்பிக்கை வருகிறது. இருட்டில் பூட்ட வேண்டாம், காலையில் பார்க்கலாம்.

அரை டம்ளர் பால் இருந்தது. குடித்துவிட்டுப் படுக்கை.

மே 8, வியாழன்

முற்றத்தில் இன்னும் ஈரம். காற்றில் மண் வாசனை. கரண்டு வந்துவிட்டது.

கார்டைப் பூட்டினேன். ஸ்விட்ச். வால்யூமை முழுக்கத் திருப்பினேன்.

ஒன்றுமில்லை.

ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. பெட்டியைத் தொட்டேன், கூச்சமும் இல்லை. நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டேன். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்கிறது. ஒத்துக்காரர் பின்னால் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று விரல் நீட்டிக் காட்டலாம். தவில்காரர் வாரை இழுத்துச் சரிசெய்வதும் அதில் இருக்கிறது. இத்தனை வருஷம் கேட்ட ரெக்கார்டு, இது தெரியாது.

மாசியிலிருந்து பட்ட பாடு. ஒரு கார்டு. சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தால் தனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, நிறுத்திக்கொண்டேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல. போனை எடுத்து ‘க’ வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன். இதைச் சொல்வதற்காகப் போன் அடித்தால் இறங்கி வந்தது மாதிரி ஆகிவிடும்.

இசக்கி துணி காயப்போட வந்தவள்: “நேத்து வரைக்கும் இழுத்துச்சு, இன்னைக்கு மிஷின் ஒண்ணும் பண்ணல பாத்துக்கிடுங்க.”

ஒரு நல்ல கார்டு வீட்டு மின்சாரம் முழுவதையும் சுத்தம் செய்கிறதா? இதை யோசிக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: தீப்பெட்டி, துவரம்பருப்பு, தைலம்.

மே 11, ஞாயிறு

மூன்று நாளாகத் திரும்பவும் கொளுத்துகிறது. புதன்கிழமை மழை பெய்த ஊரா என்று சந்தேகம்.

ஞானப்பிரகாசம் வந்தான். என்னோடு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தவன். ஞாயிறு கோயிலில் பூசை முடிந்ததும் நேராக மொபெட்டில் இங்கேதான். நீல பிளாஸ்டிக் நாற்காலி அவனுடையது. இரண்டு ரெக்கார்டு கேட்பான், ஒரு டீ, போய்விடுவான். கஸ்தூரி போனதற்கு அப்புறம் வாரத்தில் இந்த வீட்டுக்குள் வந்து உட்காருகிற ஒரே ஆள். இனி இவனை ஞா. என்றே எழுதுகிறேன்.

கார்டைக் காட்டினேன். தூக்கிப் பார்த்தான்.

“இன்னா தணிகாசலம், கேணில தண்ணி எறைக்கற கயிறா?”

“கேட்டுட்டுப் பேசு.”

“இதா பாரு. டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து உன் வூட்டு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் அலுமினியக் கம்பி தொங்குது. காக்கா ஒக்காருது அதுல. செவுத்துக்குள்ள நீ போட்ட பழைய ஒயரு. கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் பட்டுல சுத்துனா கரண்டுக்குத் தெரியுமா?”

இதற்குப் பதில் இருக்கிறது. அந்த நேரம் வாயில் வரவில்லை. கேட்டுப் பார், காது சொல்லும் என்றேன்.

“காதா? செரி. நீ செவுத்தப் பாத்து ஒக்காரு. நான் மாத்தி மாத்திப் போடறேன். புதுசா பழசான்னு நீ சொல்லு.”

உட்கார்ந்தேன். பின்னால் அவன் குனிவது, பிளக் இழுபடுவது, ஸ்விட்ச். முதல் தடவை முனகல் இருந்தது, லேசாக. “பழசு” என்றேன். “செரி” என்றான். மறுபடி குனிந்தான், ஸ்விட்ச். இந்த முறை ஊசி சட்டென்று இறங்கிவிட்டது, நாதஸ்வரம் நன்றாக விரிந்து வந்தது. “புதுசு. சந்தேகமே இல்ல.” மூன்றாவது தடவை, “பழசு, ஒத்து பின்னால போயிடுச்சு” என்றேன்.

ஞா. நாற்காலியில் உட்காரும் சத்தம். சிரிக்காமல் இருக்கப் பார்க்கிற மூச்சு.

“மூணு வாட்டியும் புதுசுதான்பா. நான் கழட்டவே இல்ல. பிளக்க ஆட்டிட்டு ஸ்விட்ச்ச போட்டேன்.”

எழுந்து போய்ப் பார்த்தேன். சாரைப்பாம்பு அப்படியே பூட்டியிருந்தது.

“இது ஏமாத்து” என்றேன்.

“இன்னா ஏமாத்து? முனகல் கீதுன்னு சொன்ன. கீது. நான் இல்லேங்கலயே. எனக்கே கேக்குது. ஆனா புதுக் கார்டுலயும் முனகுதுன்னா, கார்டு மேல ஏன் போடற? வேற எங்கியோ கோளாறு. எர்த்து பாத்தியா?”

“என் எர்த்த பத்தி நீ பேசாத. ஸ்டோர்ஸ்ல நட்டு எண்ணிக்கினு இருந்தவன் நீ.”

ஞா. டீயை முழுசாகக் குடிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டான். வாசல்வரை போய் நின்று, “நட்டு எண்ணுனாலும் செரியா எண்ணுனேன்” என்றான். மொபெட் இரண்டு உதையில் கிளம்பியது.

மாற்றுகிறேன் என்று சொல்லி மாற்றாமல் இருப்பது சோதனை ஆகாது. அது நம்பிக்கைத் துரோகம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டம்ளரைக் கழுவி வைத்தேன்.

மே 13, செவ்வாய்

வெயில். ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றுகூட அடுப்புக் காற்று.

முனகல் முழுசாகத் திரும்பிவிட்டது. முன்னைவிட மோசம். காரணம் யோசித்தேன். கார்டு நல்லதுதான். கம்பத்தில் வரும் கரண்டே அழுக்கு. வல்லம் வடகாலில் புதிதாக எத்தனை ஷெட். எல்லாம் வெல்டிங், பெரிய மோட்டார். அழுக்குச் சேலையை எவ்வளவு நல்ல சோப்பில் துவைத்தாலும், தண்ணீர் சாக்கடை என்றால்?

இதை ஞா.விடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு வரவில்லை, இன்றைக்கு வருகிறது.

அடுப்பு பற்றவைக்கப் பிடிக்காமல் ஜங்ஷன் டீக்கடையில் இரண்டு போண்டா. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள்.

“ஓ.டி. போட்டுக்கினாண்டா, இந்த வாரமும்.”

“பாக்கறியா மச்சான், வூட்டுக்குப் போய் இன்னா பண்ணப் போற?”

“தூங்குவேன்டா. மன்சன் தூங்க மாட்டானா?”

பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போகிறாய் என்ற கேள்வி எனக்கும்தான். 

முற்றத்து மூலையில் கனகாம்பரம் கருகிவிட்டது. தொட்டால் இலை பொடியாகிறது. சிமெண்டு போட்டபோது அந்த மூலையில் மட்டும் ஒரு சாண் சதுரம் விட்டிருந்தேன். அதில் கஸ்தூரி வைத்தது. காலையிலும் மாலையிலும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். தலையில் ஒரு நாளும் வைத்ததில்லை, எதற்கு வளர்த்தாளோ. போகும்போது ஊற்றச் சொல்லியும் போகவில்லை. சொல்லியிருந்தால் ஊற்றியிருப்பேனா என்பது வேறு.

தைலம் மறந்துவிட்டேன்.

மே 15, வியாழன்

காலையில் மேலே பெரிய சத்தம். பக்கெட் உருண்டு படியெல்லாம் சோப்புத் தண்ணீர். ஏறிப் போனேன். இசக்கி சுவரோடு உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. குழந்தை உள்ளே கத்துகிறது.

“தூக்கி எறிஞ்சிட்டுய்யா. கை மரத்துப் போச்சு.”

மிஷினின் தகரத்தில் டெஸ்டர் வைத்தேன். பல்பு எரிந்தது, நன்றாகவே. பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டாரில் கசிவு இருக்கும், வாங்கின கடைக்கு எழுதிப் போடு என்றேன்.

“மிஷின் புதுசுய்யா. ஊர்ல அம்மா வீட்ல வச்சிருக்கையில ஒரு நாளும் இழுத்ததில்ல. எங்க கம்பெனில எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் இருக்காக, கூட்டிட்டு வாரேன். எர்த்த மட்டும் பாக்கச் சொல்லுதேன்.”

“என் எர்த்த வெளியாளு பாக்க வேணாம்.”

அவள் எழுந்து நின்றாள். சின்னப் பெண், கண்ணில் பயம் போய் வேறொன்று வந்திருந்தது.

“இந்தப் பிள்ளை தவழுது. நாளைக்கு அது போயித் தொட்டுட்டுன்னா? நீங்க பெரியவக, நான் ஒண்ணும் சொல்லல. நாங்க வேற வீடு பாத்துக்கிடுதோம்.”

“உங்க இஷ்டம்.”

கீழே வந்தேன். மேலே அந்தப் பிள்ளை தவழ்ந்தால் கூரையில் ஒரு தடதடப்பு கேட்கும். ரெக்கார்டு கேட்கும்போது அது தொல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று கேட்கவில்லை. தூக்கியே வைத்திருக்கிறாள் போல.

மதியம் சாப்பிடவில்லை. பசியில்லை, அவ்வளவுதான்.

மே 16, வெள்ளி

மேகம் இல்லை. அனல்.

பதினோரு மணி வாக்கில் போன். கஸ்தூரி. போன பிறகு அவளாக அடித்தது இதுதான் முதல். இரண்டு முறை மணி அடிக்கவிட்டு எடுத்தேன்.

“இசக்கி போன் பண்ணிச்சு.” நலமா என்றுகூடக் கேட்கவில்லை. “பச்சப் புள்ள கீற வூடு. ஷாக் அடிக்குதாமே?”

“அவங்க மிஷின் கோளாறு.”

“உங்க பெட்டி?”

“அது கரண்டு கோளாறு.”

“உங்க கோளாறு மட்டும் எங்கியும் கெடையாது. குழிக்குத் தண்ணி ஊத்தறீங்களா?”

“எந்தக் குழிக்கு?”

“எந்தக் குழியா? மூலைல கனகாம்பரம் கீதே, அந்தக் குழிக்கு.”

“அது செத்துப் போச்சு. பூச்செடிக்கும் கரண்டுக்கும் இன்னா சம்பந்தம்?”

 பேத்தி என்னமோ கேட்டது, இரு என்றாள்.

“பூவா? பூ அதுவா மொளச்சுதுங்க. நான் ஊத்துனது குழிக்கு. நீங்கதானே சொன்னீங்க, வூடு கட்டுனப்போ. தெனம் ஒரு கொடம் ஊத்து, எர்த்துக் குழி காயக்கூடாது, காஞ்சா வூட்டுக்கே ஆவாதுன்னு. அரிசி களைஞ்ச தண்ணி, பாத்தரம் கழுவுன தண்ணி, எல்லாம் அங்கதான். காச்சல்ல படுத்தப்பகூட பொண்ண உட்டு ஊத்தச் சொன்னேன். நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க.”

ஜன்னல் வழியாக அந்த மூலையைப் பார்த்தேன்.

“மொதல்ல ஊத்துங்க” என்றாள். வைத்துவிட்டாள்.

சொன்னேனா? சொல்லியிருப்பேன். எர்த் போட்டால் சொல்கிற வார்த்தைதான் அது, எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். எவனும் ஒரு வாரத்துக்கு மேல் ஊற்றியதில்லை. இவள் நிறுத்தவே இல்லை. நான் பூவுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொல்வது தப்பு என்று காட்டத்தான் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தேன். கரண்டு வரும் முனையில் ஒரு ஒயர், எர்த்தில் ஒரு ஒயர். நல்ல எர்த் என்றால் பல்பு பளிச்சென்று எரியும். பீடி நுனி மாதிரி சிவந்தது, அவ்வளவுதான்.

இரண்டு முறை கழற்றிப் பூட்டினேன். பீடி நுனி.

குடத்தை எடுத்தேன். அவள் குடம் எங்கே வைப்பாள் என்று தேட வேண்டியிருந்தது. முதல் குடம் ஊற்றியபோது மண் ‘சொர்’ என்று இழுத்தது. குமிழி குமிழியாக வந்தது. இரண்டாவதும் போன இடம் தெரியவில்லை. அடுக்களையில் இருந்த கல்லுப்பு மொத்தத்தையும் போட்டேன். மூன்றாவது குடம்தான் கொஞ்ச நேரம் நின்றது. செத்த செடியைப் பிடுங்கவில்லை.

இடுப்பு பிடித்துக்கொண்டது.

மே 17, சனி

காலையில் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. இருந்தும் இன்னொரு குடம் ஊற்றினேன்.

மேலே போய் மிஷினில் டெஸ்டர் வைத்தேன். இல்லை. என் கையையே வைத்தேன். இல்லை. கரண்டு கசிந்தால் தானாக விழுகிற ஸ்விட்ச் ஒன்று கடையில் வாங்கி மெயினில் பூட்டினேன். முன்பே பூட்டியிருக்க வேண்டியது. இசக்கி வாசல்படியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னய்யா செஞ்சிய?”

“தண்ணி ஊத்துனேன்.”

“எதுல?”

“எர்த்துல.”

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நன்றி. “வீடு பாக்குறத நிப்பாட்டிக்கிடலாமா?” என்றாள். பிள்ளை டெஸ்டருக்குக் கை நீட்டியது. தரவில்லை.

“இருங்க” என்றேன்.

அப்புறம் கீழே. ஆம்ப்ளிஃபயர். சாரைப்பாம்புக் கார்டில்: முனகல் இல்லை. கழற்றி, பழைய கறுப்புக் கார்டில்: முனகல் இல்லை. திரும்ப அது, திரும்ப இது. யாரும் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லவில்லை. எது பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டேன். அப்படியும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

புதுக் கார்டு பூட்டியதற்கு முந்தின நாள் மழை. சிமெண்டில் ஓடிய தண்ணீர் அந்த ஒரு சாண் ஓட்டையில்தான் இறங்கியிருக்கும்.

எழுதிவிட்டேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கார்டு தடிமனானது, சூடாகாது, அந்த வகையில் நல்ல கார்டு.

பழையதையே பூட்டி வைத்தேன்.

மே 18, ஞாயிறு

ஞா. வரமாட்டான் என்று ஒரு டம்ளர் டீதான் போட்டேன். மொபெட் சத்தம் கேட்டது. தெருவில் போகிற வண்டியாக இருக்கும் என்று எழுந்திருக்கவில்லை. கேட் திறந்தது.

நீல நாற்காலியில் உட்கார்ந்தான். இருவரும் போன ஞாயிறைப் பற்றிப் பேசவில்லை. என் டீயை இரண்டாகப் பங்கு போட்டேன். நாதஸ்வரத்தைப் போட்டேன். ஒரு பக்கம் முழுசும் கேட்டான். இடது காது மந்தம் அவனுக்கு, தலையைச் சாய்த்துத்தான் கேட்பான்.

“முனகலே இல்லயேப்பா” என்றான்.

“இல்ல.”

“அப்ப நீ சொன்னதுதான். நல்ல கார்டு. பூட்டுனதும் கொஞ்ச நாள் ஆவும்போல, செட்டாவறதுக்கு.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ரெக்கார்டு உறையைப் பார்த்துச் சொன்னான்.

அவன் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். கம்பியில் காக்கா உட்காருகிறது என்று சொன்னவன் ஒரு வாரத்தில் மாறமாட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த நாற்காலி வேண்டும், அதற்குக் கொடுக்கிற விலை. அவனுக்கும் பூசை முடிந்தால் போக வேறு வீடு இல்லை.

பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. யாரும் விட்டுக்கொடுத்து நான் ஜெயிக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தான். கறுப்புக் கார்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“அப்ப கோளாறு எதுல?”

“எர்த்து காஞ்சி போச்சு. தண்ணி ஊத்துனேன்.”

“யாரு சொன்னது ஊத்தச் சொல்லி?”

“நான்தான் சொன்னேன்.”

பொய் இல்லை.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வந்தது, தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு மறுபடி சிரித்தான். மேலே பிள்ளை தடதடவென்று தவழ்ந்தது. “நட்டு எண்ணுறவன் அன்னிக்கே கேட்டான், எர்த்து பாத்தியான்னு” என்றான். கேட்டான்தான். அதை நான் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

போகும்போது: “கஸ்தூரிக்குச் சொல்லிட்டியா?”

“இன்னா சொல்றது?”

“இன்னா சொல்றதா” என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். “அத எனக்கு சொல்லத் தெரியுது. உனக்குத்தான் வராது.”

அவன் போன பிறகு ரெக்கார்டின் மறுபக்கம். ஊசி இறங்கி, வாசிப்பு ஆரம்பிப்பதற்கு முன் சிறிது நேரம் வெறும் தடம். முன்பெல்லாம் அந்த இடத்தில் முனகல் இருந்தது. அதைத் திட்டிக்கொண்டிருப்பேன், நேரம் போய்விடும். இன்று சுவர்க்கடிகாரம் கேட்டது. அடுக்களையில் குழாய் சொட்டுவது கேட்டது. பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

மே 19, திங்கள்

லேசான மேகம், மழை இல்லை. குழிக்குக் காலைக் குடம் ஆயிற்று. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அங்கேயே.

காலையில் நானே போன் அடித்தேன். எடுத்தாள்.

“தண்ணி ஊத்துனேன்.”

“இப்ப?”

“செரியாப் போச்சு.”

“இசக்கி?”

“போவல. இருக்குறாங்க.”

“நல்லது.” பேத்தி பக்கத்தில் பாட்டுப் பாடுகிறது. கஸ்தூரி காத்திருந்தாள். எனக்குத் தெரிந்தது, காத்திருக்கிறாள் என்று.

“தெனம் கொடம் தூக்குனா இடுப்பு புடிக்குது” என்றேன்.

“பாதிப் பாதியா ரெண்டு வாட்டி தூக்குங்க.”

“உம்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

“செரி.” வைத்துவிட்டாள்.

இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிச் சொல்வது? நானாக அடித்தேன். நானாக இடுப்பைச் சொன்னேன். மறுபடி அடிப்பதாக இல்லை.

மதியம் ரசம். உப்பு இல்லை, எல்லாம் குழியில். கடைக்குப் போய் உப்பு, தைலம், தீப்பெட்டி. வரும்போது கம்பெனி பஸ் முழுக்கத் தூங்குகிற தலைகள்.

சாயங்காலம் அரைக் குடம். கனகாம்பரத்தின் அடியில், தண்டு கருகின இடத்துக்குக் கீழே, பச்சையாக ஏதோ ஒரு புள்ளி. களையாகவும் இருக்கலாம்.

இன்னொரு அரைக் குடத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டு, அது நிரம்புவதற்குள் மறுபடி போன் அடித்தேன். எடுத்ததும் சொல்லிவிட்டேன். ஒரே வார்த்தைதான், ஆட்டோ நின்றபோது அவள் கேட்ட வார்த்தை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். லைன் இருக்கிறது.